நிலாவிலும் நமக்கொரு பாடு

என்னிடம் மூடியில்லாத ஒரு மைப்பேனா இருக்கிறது. கரும்பச்சை உடம்பு; முள்ளில் இருந்த தங்க நிறம் எப்போதோ போய்விட்டது. கண்மருந்துக் குப்பியோடு வரும் ரப்பர் குமிழ் ஒன்றை முள்ளின்மேல் மாட்டி வைத்திருக்கிறேன். பார்ப்பதற்குச் சளி பிடித்த குழந்தைக்குக் குல்லா போட்டது போல இருக்கும். குல்லா போட்டாலும் சளி நிற்பதில்லை. என் சட்டைகள் எல்லாவற்றிலும் இடப்பக்கப் பையின் அடியில் ஒரு நீலத் தீவு உண்டு. கல்யாணமான புதிதில் என் மனைவி அதைத் துவைத்துப் போக்கப் பார்த்தாள். பிறகு, கொடியில் காயும் சட்டைகளில் என்னுடையது எது என்று கண்டுபிடிக்க வசதி என்று விட்டுவிட்டாள். புதுப் பேனா வாங்கினால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மூடிதான் வேலைக்குப் போயிருக்கிறது என்பேன். அது பொய்யில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், ஒரு மண்பானைக்குள், நிலாவில் மனிதன் இறங்கிய அந்த வருஷத்திலிருந்து அது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. வக்கீலாக நான் பார்த்ததைவிட அது பார்த்த வேலை அதிகம்.

அப்போது நான் ராயபுரத்தில் புது வக்கீல். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மகன் சட்டம் படித்துவிட்டான் என்று மாதா கோயிலில் பூசை வைத்து, தெரு முழுக்க சர்க்கரை கொடுத்தார். அதற்குப் பிறகு கொண்டாட ஒன்றும் நடக்கவில்லை. என் கறுப்புக் கோட்டை அம்மா வாரம் தவறாமல் வெயிலில் போடுவாள். நீதிமன்றத்தைவிட மொட்டைமாடியை அதிகம் பார்த்த கோட்டு அது. நான் ஜூனியராக இருந்த ஆபீசில் எல்லாம் கப்பல் சரக்கு வழக்குகள். வழியில் நனைந்த சர்க்கரை, எடை குறைந்து வந்த உரமூட்டை, இறக்கும்போது உடைந்த இயந்திரம். சீனியர் வாதாடுவார், நான் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். வாய்தா கேட்க மட்டும் எனக்கு வாய் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒருமுறை எதிர்க்கட்சிக்காரருக்குச் சேர்த்துக் கேட்டுவிட்டேன்.

இப்படி இருந்தவனுக்கு விண்வெளிச் சட்டத்தின் மேல் காதல் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கடல் சட்டத்துக்கு நூற்றாண்டுகளாகத் தீர்ப்புகள் குவிந்து கிடந்தன. எதைச் சொன்னாலும் எதிரே ஒருவர் எழுந்து வேறொன்றைக் காட்டுவார். விண்வெளிக்கு அறுபத்தேழில் போட்ட ஓர் ஒப்பந்தம்தான். ஆபீசுக்கு வந்த ஒரு சட்டப் பத்திரிகையில் அது முழுதாக அச்சாகியிருந்தது. டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, முக்கியமாக எதிர்க்கட்சி வக்கீல் இல்லை. நான் தோற்காத சட்டம் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆனால் சட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வசதிக்காக மட்டும் இல்லை. நிலாவை எந்த நாடும் தன்னது என்று சொல்லக்கூடாது என்று அதில் இருந்தது. விண்வெளியில் செய்கிற காரியம் எல்லா நாட்டின் நன்மைக்கும் என்றும், ஒரு நாடு ஏழையா பணக்காரனா, விஞ்ஞானத்தில் முன்னேறியதா பின்தங்கியதா என்று பார்க்கக்கூடாது என்றும் இருந்தது. ரேஷன் கடையில்கூட வரிசையில் முன்னால் நிற்பவன் கடைசிப் படி மண்ணெண்ணெயையும் வாங்கிப் போகிற காலத்தில், பெரிய பெரிய நாடுகள் உட்கார்ந்து இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே அதைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினேன். தெருவில் எனக்குச் ‘சந்திரமண்டல வக்கீல்’ என்று பெயர் விழுந்தது. பட்டம் வாங்கிய கல்லூரி கொடுக்காத சிறப்புப் பட்டம்.

நான் பேசுவதை நின்று கேட்ட ஒரே ஆள் எண்ணூர் அக்கா. எண்ணூரிலிருந்து காலை ரயிலில் கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீனும் இறாலும் விற்பாள். எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கினால் அம்மாவிடம் விலை பேசுவது ஒரு பக்கம், என்னைச் சீண்டுவது ஒரு பக்கம்.

“இன்னா வக்கீலு, நிலாவுல கேஸு எதுனா மாட்டிச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“அங்க ஆளே இல்லியே, எவன் வருவான். ஆளு இருக்கிற எடத்துலயே உன்ன ஒருத்தனும் கூப்புட மாட்டேன்றான்.”

விண்வெளி வீரர் யாராவது எங்கள் கடலில் வந்து விழுந்தால் அவரைக் காப்பாற்றி, அவருடைய நாட்டுக்குப் பத்திரமாக அனுப்பவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதை ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். அக்கா இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். “தண்ணில வுயுந்தவன தூக்கறதுக்கு சட்டம் வோணுமா? சட்டம் இல்லன்னா இன்னா பண்ணுவாங்கோ, வேடிக்க பாத்துகினு இருப்பாங்களா?” என்றாள். நான் அந்தப் பிரிவை அன்றோடு விட்டுவிட்டு அடுத்த பிரிவுக்குப் போனேன்.

நிலாவில் இறங்கிய செய்தி வந்த வாரத்தில் ராயபுரமே வானத்தைப் பார்த்து நடந்தது. சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதின. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “போனவன் கொடி நட்டுட்டானாமே. அப்ப அது அவன் வூட்டு நெலமா?” இல்லை, கொடி நட்டாலும் சொந்தம் ஆகாது, சட்டம் அப்படி என்றேன். “அப்ப கொடி இன்னாத்துக்கு?” என்றாள். நான் யோசித்து, “வந்துட்டுப் போனதுக்கு அடையாளம்” என்றேன். அக்கா முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, “பரவால்ல. நல்ல சட்டமா கீது” என்று போனாள். விண்வெளிச் சட்டத்துக்கு வடசென்னையில் கிடைத்த முதல் பாராட்டு அது.

அந்தப் பாராட்டுக்குள் வேறொன்று இருந்தது எனக்கு அப்போது தெரியாது. போன மழைக்காலத்தில் அக்காவின் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்துபோயிருந்தார். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. அவர் போன பிறகும் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள், சிரித்தாள், என்னைச் சீண்டினாள். அதனால் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் கூடை இல்லாமல் வந்தாள். அம்மா காபி கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

அவர்கள் குப்பத்துக்குப் பக்கத்தில், கடல் உள்ளே புகுந்து வரும் கழியில், இறால் பிடிக்க நல்ல இடங்கள் சிலதான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் இறங்கி வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒருமுறை குலுக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம்: ஒருவர் சோழி போடுவார், ஒருவர் ஈயக்குண்டு, ஒருவர் சாவி. எல்லாம் ஒரு பானைக்குள் விழும். தலைவர் வானத்தைப் பார்த்தபடி கையை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார். அக்கா வீட்டு அடையாளம் ஒரு பித்தளைப் பொத்தான். வீட்டுக்காரர் இறந்தால் அவருடைய அடையாளத்தையும் அவரோடு கடலுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். மகன் இருந்தால் அவன் வளர்ந்து புது அடையாளம் போடுவான். அக்காவுக்கு மகன் இல்லை.

“தண்ணில நிக்கிற ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு இல்லன்றாங்கோ. இந்த வருசம் பானையில எங்க வூடு கெடையாதாம். கூடையில இருக்கிற இறா அல்லாம் எங்க கழி இறா, தெரியும் இல்ல? பாடு பூட்ச்சுன்னா நான் ஏலத்துல எடுத்துதான் விக்கணும். எத்தினி நாளு முடியும்? பொண்ண இஸ்கோல்லேர்ந்து நிறுத்திட்டு கம்பெனியில இறா உரிக்கத்தான் அனுப்பணும்.”

பாடு அவள் வீட்டுக்கு இருந்தால், தண்ணீரில் வேறொருவர் நின்று வலை கட்டினாலும் பங்கு வரும். பெயரே இல்லையென்றால் கேட்க வாயில்லை. நான் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தேன்.

“கோட்டுக்குப் போனா ஊர விட்டே வெலக்கி வெச்சிருவாங்கோ. நீ வா. நிலாவுக்கே நியாயம் சொல்ற, எங்க கழிக்கு ஒரு நாளு வந்து சொல்லு.”

“நானும் வக்கீல்தானேக்கா. வக்கீல் வந்தா சண்டைக்கு வந்த மாதிரி ஆகாதா?”

“உன்னப் பாத்தா வக்கீலு மாதிரியே இல்ல தம்பி. அதனாலதான் கூப்புடறேன்” என்றாள். அம்மா உள்ளே போய்ச் சிரித்தாள்.

ராயபுரத்தில் ரயில் ஏறினோம். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் வண்டி வழக்கம்போல நின்று மூச்சு வாங்கியது. இஞ்சினிலிருந்து வந்த கரித்தூள் முகத்தில் படிந்தது. கறுப்புக் கோட்டில் கரி தெரியாது என்பதுதான் அந்தக் கோட்டு எனக்குச் செய்த ஒரே உபகாரம். எண்ணூரில் இறங்கியதும் அக்கா அதையும் கழற்றச் சொன்னாள். “பிணம் தூக்க வந்தவன் மாதிரி கீற.” கோட்டைக் கூடையில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் எத்தனை வெயிலில் போட்டும் அந்தக் கோட்டிலிருந்து இறால் வாடை போகவில்லை. நீதிபதிகள் என் வாதத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குப்பத்துக்குப் போகும் வழியில் சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டது. பஞ்சாயத்துக்கு முன்னால் நான் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சேறுமாக நின்றேன்.

வலை பழுது பார்க்கும் கொட்டகையில் மதிய வெயிலுக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பானை. தலைவர் இளவயதில் கப்பலில் கலாசியாக ஊர் சுற்றியவர்; அதனால் வெளியாளைக் கண்டால் அவருக்கு ஓர் ஆர்வம். அவருக்கு வலப்பக்கம் அக்காவின் கணவருடைய அண்ணன். அக்கா அவரை ‘மூத்தாரே’ என்றுதான் கூப்பிடுவாள். கொடுமைக்காரர் இல்லை. அவருடைய பெரிய மகன் கல்யாணமாகித் தனிக் குடும்பமாகி, பானையில் ஓர் இடம் காலியாகக் காத்திருந்தான். தம்பி வீட்டு இடம் போனால்தான் அவனுக்கு இடம். அவருக்கும் அது வயிற்றுப் பாடுதான்.

“யாரு இது?” என்றார் தலைவர்.

“ராயபுரம் தம்பி. நிலா சட்டம் படிச்சிகீது” என்றாள் அக்கா.

“நிலாவுக்கு சட்டமா? குந்து குந்து. இன்னா சொல்லுது அது?”

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் என் மொழிபெயர்ப்பையும் எடுத்தேன். பேனா எதற்கு என்று கேட்காதீர்கள். கையில் ஏதாவது இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு வராது. ஒப்பந்தத்தின் முதல் பிரிவை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். அதில் ஆங்கிலத்தில் இருந்த ‘பிராவின்ஸ்’ என்ற சொல்லுக்கு அகராதி ‘மாகாணம்’ என்று சொல்லியிருந்தது. நானும் சந்தேகப்படாமல் அப்படியே போட்டிருந்தேன். “விண்வெளியானது மனிதகுலம் அனைத்தின் மாகாணம் ஆகும்.”

வலை கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஊசியை நிறுத்தினார். “எந்த மாகாணம்? மெட்ராஸ் மாகாணமா?”

“அதத்தான் இந்த வருசம் தமிழ்நாடுன்னு மாத்திட்டாங்களே” என்றார் இன்னொருவர்.

“அப்ப நம்ம பழைய பேர நிலாவுக்குக் குடுத்துட்டாங்களா?”

“கலெக்டரு யாரு?” என்று தலைவர் என்னைக் கேட்டார்.

“கலெக்டர் கிடையாதுங்க.”

“கலெக்டரு இல்லாத மாகாணத்துல எவன் பேச்ச எவன் கேப்பான்?”

சர்வதேசச் சட்டத்தை ஆரம்பம் முதல் வாட்டிவருகிற கேள்வி அது. நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் வருவதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. நிலாவுக்குத் தாசில்தார் உண்டா, அங்கே மீன் உண்டா, மீன் இல்லாத ஊருக்கு எதற்கு இவ்வளவு செலவு பண்ணிப் போனான் என்று கேள்விகள் பறந்தன. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

கடைசியில் தலைவரே என்னைக் கரையேற்றினார். “ஏம்பா, சுத்தி வளைக்காத. நிலாவுல நமக்குப் பங்கு கீதா இல்லியா?”

“இருக்குங்க. நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு.”

“நம்மகிட்ட ராக்கெட்டு கீதா?”

“கேரளாப் பக்கம் சின்னதா விடறாங்க. மேல போய்க் கீழ விழுந்துடும். நிலாவுக்கெல்லாம் போகாது.”

“போக முடியாதவனுக்கு இன்னாத்துக்குப் பங்கு? மொதல்ல போனவன் எடுத்துக்கமாட்டானா?” இது மூத்தார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பதிலைத் தேடிப் பேனாவைத் திருகினேன். ஆனால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குள் வலை கோத்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அதெப்படி? ராக்கெட்டு வெச்சிகிறவன் போனான்னா நிலா அவுனுதா? நாளைக்கு நம்ம புள்ளைங்கோ போனா எங்க நிக்கும்?”

“மொதல்ல வந்தவன் அல்லாத்தியும் வாரிக்கினு போனா அது நாயமா?” என்றார் இன்னொருவர்.

“நமக்குண்டான எடம் நமக்கு இருக்கணும். போறோம், போவல, அது நம்ம இஸ்டம்” என்றார் தலைவர். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மூத்தாரும், நிலா விஷயத்தில் ஊரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், ஆட்டினார்.

அக்கா எழுந்து நின்றாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் இல்லை. கொட்டகையின் ஓரத்திலிருந்து யாரோ “உக்காரு” என்றார்கள். அவள் உட்காரவில்லை.

“இந்தத் தம்பி சொல்ற மாகாணமும் இல்ல கீகாணமும் இல்ல. அத்தோட பேரு பாடு. நிலாவுல நம்ம ஊருக்குப் பாடு கீதுன்னு எய்தி வெச்சிகிறாங்கோ. நாம தண்ணில எறங்கல. எப்ப எறங்குவோம்னும் தெரியாது. எறங்கலன்னு சொல்லி நம்ம பேர பானைலேர்ந்து எடுத்துட்டா நாயமான்னு இப்பதான் கேட்டீங்கோ. அல்லாரும் நாயமில்லன்னு சொன்னீங்கோ. எம்பொண்ணுக்கும் அதே நாயத்த சொல்லுங்கோ, நான் குந்திக்கிறேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ நீதிமன்றங்களில் எத்தனையோ மௌனங்களைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நான் பேசி முடித்த பிறகு வரும் மௌனங்கள். இது வேறு மாதிரி. பானையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பானையையே பார்த்தார்கள். மூத்தார்தான் முதலில் பேசினார். அவருடைய வாதத்தில் தப்பு இல்லை.

“நிலா எங்கயும் ஓடிறப் போறதில்ல. எறா அப்படியா? ஒரு வூடு கூட சேந்தா அல்லாருக்கும் மொற தள்ளிப் போவும். எம்மவன் வேற நிக்கிறான். அவன இன்னா பண்றது?”

“உம்மவனையும் போடு” என்றார் தலைவர். “தம்பி வூடும் இருக்கட்டும். அந்த வூட்டு மொறைக்கு உஞ் சின்னவன் தண்ணில நிக்கட்டும், பாதிப் பங்கு எடுத்துக்கட்டும்.”

“அப்ப மொற ஒரு நாளு தள்ளுமே.”

“நிலாவுக்கு எத்தினி வருசம் காத்துகினு இருக்கப் போற? அதுக்கு ஒத்துக்கினு தல ஆட்டுன இல்ல? இதுக்கு ஒரு நாளு காத்துக்க மாட்டியா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். மூத்தாரும் தரையைப் பார்த்தபடி சிரித்துவிட்டார். பாடு யார் பெயரில் என்று ஒரு சின்ன இழுபறி. பெண்ணைக் கட்டப்போகிறவன் பெயருக்கு என்றார்கள். பெண் பெயருக்கே என்றாள் அக்கா. “அத்த அப்பால பாத்துக்கலாம்” என்றார் தலைவர். சட்ட உலகில் அதைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பது என்போம். எனக்கு மிகவும் பழக்கமான தீர்ப்பு.

“சரி, அடையாளம் போடு” என்றார் தலைவர். அக்கா கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பொத்தான் கணவரோடு கடலுக்குப் போய்விட்டது. வேறெதுவும் கொண்டுவரவில்லை, தேவைப்படும் என்ற நம்பிக்கையோடு வரவும் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் திரும்பி, நான் திருகிக்கொண்டிருந்த பேனாவின் மூடியை வெடுக்கென்று உருவி, பானைக்குள் போட்டாள். அடியில் கிடந்த சோழிகளுக்கும் ஈயக்குண்டுகளுக்கும் நடுவே அது டிங் என்று விழுந்தது.

“அக்கா, அது என் மூடி.”

“கேஸு ஜெயிச்ச இல்ல? பீஸு குடுக்க மாட்டியா?” என்றாள்.

கட்சிக்காரருக்கு வக்கீல் பீஸ் கொடுத்த வழக்கு வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும் ரயிலில், மூடியில்லாத பேனாவைப் பழக்க தோஷத்தில் பையில் செருகினேன். ராயபுரம் வருவதற்குள் முதல் நீலத் தீவு உருவாகிவிட்டது. அம்மா கதவைத் திறந்ததும் நெஞ்சைப் பார்த்து, “மாதாவே, அடிச்சிட்டாங்களா?” என்றாள்.

அன்றைக்கே என் மொழிபெயர்ப்பை எடுத்து ‘மாகாண’த்தை அடித்துவிட்டு, மேலே ‘பாடு’ என்று எழுதினேன். எழுதியதும் ஒப்பந்தம் முழுதும் எனக்கே புதிதாகப் புரிந்தது. யாருக்கும் சொந்தம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் முறை உண்டு. முன்னால் இறங்கியவன் தன் முறையைப் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் வருகிறவனின் முறையைத் தொடக்கூடாது. உற்சாகமாக அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ‘மனிதகுலம் அனைத்தின் பாடு’ என்பது அச்சுப்பிழை போலத் தெரிவதாகவும், மனிதகுலத்தின் கஷ்டங்களைப் பற்றிக் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய வந்திருப்பதாகவும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. அவர்கள் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான். முறையைப் பிரித்துக்கொள்ளத் தெரியாத இடத்தில் பாடு என்ற சொல்லுக்கு அந்த இன்னொரு அர்த்தம்தான் மிஞ்சும்.

அக்கா அதற்குப் பிறகும் வெகுகாலம் எங்கள் தெருவுக்கு வந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. ஒருமுறை நான் நல்ல வெள்ளிக்காசு ஒன்றைக் கொண்டுபோய், இதை அடையாளமாகப் போட்டுக்கொள், மூடியைக் கொடுத்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். “தரமாட்டேன். பேனாவ மூடிட்டன்னா அப்பால நீ எய்த மாட்ட” என்றாள். நான் பெரிதாக எதுவும் எழுதிவிடவில்லை. நனைந்த சர்க்கரைக்கு நஷ்டஈடு கேட்டே வாழ்க்கை ஓடிவிட்டது. ஆனாலும் பேனா திறந்தே இருந்தது. அந்தப் பழி என் மேல் இல்லை.

இப்போது விண்வெளிச் சட்டம் பெரிய தொழில் ஆகிவிட்டது. அரசாங்கங்கள் மட்டும் போன இடத்துக்குக் கம்பெனிகள் போகின்றன. செயற்கைக்கோள்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்புகிறார்கள். நிலாவில் தோண்டி எடுத்தது தோண்டியவனுக்கே என்று சில நாடுகள் தனியாகச் சட்டம் போட்டிருக்கின்றன. நிலம் யாருடையதும் இல்லை, எடுத்த மண் மட்டும் என்னுடையது என்று வாதம். இதைக் கேட்டிருந்தால் அந்தக் கொட்டகைப் பெரியவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டே பேசியிருப்பார். சின்னச் செயற்கைக்கோள் செய்யும் ஒரு புதுக் கம்பெனியில், பழைய ஆள் என்ற மரியாதைக்கு, என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த அறை, எல்லாரும் என் பேத்தி வயது. அவர்கள் கவலை ஒன்றுதான்: முன்னால் போனவர்கள் பூமியைச் சுற்றும் நல்ல பாதைகளையெல்லாம் நிரப்பிவிட்டார்கள், எங்களுக்கு இடம் இருக்குமா? நான் பிரிவுகளைச் சொல்லவில்லை. பானையைச் சொன்னேன். முடித்ததும் ஒரு பெண் கை தூக்கினாள். அதுவரை ஆங்கிலத்தில் மட்டும் பேசியவள். “சார், அந்த மூடி இன்னும் பானையில கீதா?” என்றாள். சொன்ன பிறகுதான் தன் நாக்கு பிறந்த ஊரான தண்டையார்பேட்டைக்குப் போய்விட்டு வந்ததை உணர்ந்து சிரித்தாள். நானும் பதில் தெரியாமல் சிரித்தேன். அக்கா காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன; நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த வருஷம் போனேன். கழி முன்போல் அகலமில்லை. சுற்றிலும் குழாய்கள், புகைபோக்கிகள், சாம்பல் நிறத்தில் கரை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரை. ஆனால் நடுவில் பானை இருந்தது. அதைச் சுற்றி ஆண்களோடு இரண்டு மூன்று பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அக்காவின் மகள். தலைமயிர் நரைத்துவிட்டது. ஐஸ் பெட்டியில் மீன் அனுப்பும் வியாபாரம் நடத்துகிறாள். பாடு இன்னும் அவள் பெயரில்தான். ஒத்திவைத்த வழக்கு எப்போதோ அவளுக்குச் சாதகமாகத் தானே முடிந்திருக்கிறது. அவள் மடியிலிருந்து என் மூடியை எடுத்தாள். பச்சை போய்க் கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. என் சட்டைப் பையைப் பார்த்தாள், நீலத்தைப் பார்த்தாள். “இன்னும் ஒயுகுதா?” என்று கேட்டுவிட்டுப் பானைக்குள் போட்டாள். அதே டிங்.

இப்போதைய தலைவர் இளைஞர். வானத்தைப் பார்த்தபடி கையை விட்டார். சோழி வந்தது, சாவி வந்தது, யாருடையதோ மோதிரம் வந்தது. ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. என் மூடி வரவில்லை. நான் வாய்தா கேட்டுப் பழகியவன், பொறுமையாக இருந்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. அக்காவின் மகள் என்னைப் பார்த்து, “கடசிதான். ஆனா வந்துச்சி” என்றாள்.